காய்ச்சலின் முதல் இரண்டு நாட்கள்

ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் பிழைப்போர்க்குக் காய்ச்சல் என்பது உடம்பை மட்டும் பற்றிய செய்தியன்று. கஞ்சி காய்ச்சிக் கொடுக்கத் தாய் அருகில் இல்லை. நால்வர் ஐவர் சேர்ந்து குடியிருக்கும் ஓர் அறையில் ஒருவர் மட்டும் பகலெல்லாம் படுத்துக் கிடந்தால், வாடகையும் சாப்பாட்டுச் செலவும் நில்லாமல் ஓடுகின்றன. கூலி மட்டும் நின்றுவிடுகிறது. ஆகவே நெற்றியில் தைலத்தைத் தடவி, ஒரு மாத்திரையை விழுங்கி, இருமலை அடக்கிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகிறோம். பக்கத்தில் நிற்பவர் முகஞ்சுளித்து விலகுகிறார். “இத்தனை படித்தும் இவர்களுக்கு அறிவு வரவில்லையே!” என்று முணுமுணுப்பாரும் உளர்.

இஃது அறிவின் குறையா, அன்றி வேறு குறையா? இவ்வினாவுக்குரிய விடை நாம் வாழும் இந்தப் பெங்களூர் நகரின் வரலாற்றிலும், அதற்கு முன்னே பம்பாய்த் துறைமுகத்தின் வரலாற்றிலும் கிடக்கிறது. பம்பாயிலிருந்தே தொடங்குவோம்.

1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் நாள், பம்பாய் நகரில் காவல்துறைச் சிப்பாய்கள் எழுவர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் துறைமுகத்தில் காவல் புரிந்தவர். மலேரியா என்று கொள்வதற்குரிய குறிகள் அக்காய்ச்சலில் இல்லை. அடுத்த சில நாட்களில் அரசாங்கக் கப்பல் பட்டறைத் தொழிலாளர் படுத்தனர். பிறகு துறைமுகக் கழகத்து ஊழியர். அவர்களை அடுத்து ஹாங்காங் ஷாங்காய் வங்கியினர், தந்தி அலுவலகத்தார், நாணயச்சாலைத் தொழிலாளர், ரேச்சல் சசூன் ஆலையினர். நகரின் சுகாதார அதிகாரியாயிருந்த டர்னர் காலத்துப் பதிவுகள் இவ்வரிசையை நமக்குத் தருகின்றன. அதனைச் சற்றே உற்று நோக்குங்கள். அதிற் கூறப்பட்டவை அனைத்தும் பணியிடங்கள். கோயில் திருவிழாவோ சந்தையோ அப்பட்டியலில் இல்லை. இருமிக்கொண்டே வேலைக்கு வந்த ஒருவர், பக்கத்து எந்திரத்தில் நின்றவருக்கும் பக்கத்து மேசையில் அமர்ந்தவருக்கும் நோயைத் தந்துவிட்டு வீடு திரும்பினார் என்பதே அதன் பொருள்.

முதல் அலை மென்மையானது. பலர் மூன்று நாள் படுத்து எழுந்தனர். மக்கள் அதற்குப் ‘பம்பாய்க் காய்ச்சல்’ என்று பெயரிட்டு, அதனை ஏறக்குறைய மறந்தும்விட்டனர். செப்டம்பர் மாதத்தில் அது கொலைக்கருவியாகத் திரும்பி வந்தது. அக்டோபர் 6ஆம் நாள் ஒரே நாளில் பம்பாயில் 768 பேர் இறந்ததாகப் பதிவாயிற்று. புகைவண்டி செல்லுமிடமெல்லாம் நோயும் சென்றது. இந்திய அரசின் சுகாதார ஆணையராயிருந்த நார்மன் வைட், 1919இல் எழுதிய அறிக்கையில் இருப்புப்பாதையின் பங்கைச் சுட்டிக்காட்டினார். நாடு முழுவதும் இறந்தோர் தொகையை ஆய்வாளர் பலவாறு கணக்கிடுவர். குறைந்த மதிப்பீடு ஒரு கோடியே இருபது இலட்சத்தை ஒட்டியது, மிகுந்தது இரண்டு கோடியை எட்டுவது. 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் இந்திய மக்கள்தொகை குறைந்தது. மக்கட்கணக்கெடுப்பின் வரலாற்றில் அவ்வாறு குறைந்த பத்தாண்டு அஃதொன்றே.

ஆனால் அச்சாவு எல்லார் வீட்டிலும் ஒரே அளவாக நுழையவில்லை. பம்பாயில் ஐரோப்பியருள் ஆயிரத்துக்கு 8.3 பேர் இறந்தனர். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுள் ஆயிரத்துக்கு 61.6 பேர். கிருமி ஒன்றேதான். வீடும் உணவும் வேலையும் வேறு. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. உலகப் போரினால் விலைவாசி ஏற்கனவே ஏறியிருந்தது. தானிய விலை உயர உயரக் கூலியாள் ஒருவன் ஒரு நாளை இழப்பது மேன்மேலும் அரிதாயிற்று. காய்ச்சல் அடித்த நாளில் அவன் வேலைக்குப் போனான், மறுநாளும் போனான், கால் தாங்காத நாளில்தான் படுத்தான். அதற்குள் பரவ வேண்டியது பரவியாயிற்று.

சென்னையின் நிலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். அதே 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான், பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் பி. பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தனர். நம் நாட்டில் முறையாக அமைந்த தொழிற்சங்கங்களுள் முதன்மையானது என்று அதனைப் போற்றுவர். அச்சங்கத்தார் முதலில் முறையிட்டவற்றுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது. சோறுண்ணச் சில நிமிடம் கூட்டித் தருமாறு கேட்க வேண்டியிருந்த காலத்தில், காய்ச்சல் நாளுக்குக் கூலி கேட்பதை எவர் எண்ணியிருக்க முடியும்?

இனிப் பெங்களூருக்கு வருவோம். அக்காலப் பெங்களூர் ஓர் ஊர் அன்று, இரண்டு ஊர். மேற்கே மைசூர் மகாராஜாவின் ஆட்சிக்குட்பட்ட நகரம். கிழக்கே ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட கண்டோன்மெண்டு. 1809இல் படைமுகாமாகத் தோன்றிய இக்கண்டோன்மெண்டில்தான் நம் முன்னோர் பெருந்தொகையாகக் குடியேறினர். படைவீரராகவும், வணிகராகவும், கொத்தராகவும், வீட்டுப் பணியாளராகவும் வந்தவர்கள் அவர்கள். 1949இல் இரண்டும் ஒரே மாநகராட்சியாக இணையும் வரையில் இரண்டுக்கும் நகராட்சி வேறு, சுகாதாரத் துறை வேறு, ஆணையிடுவோரும் வேறு. ஆனால் ஆலைச்சங்கு ஊதினால் அந்த எல்லையைக் கடந்து வேலைக்குப் போவாரை எவரும் தடுத்ததில்லை. அவரோடு சேர்ந்து கடந்த காய்ச்சலையும் எவரும் தடுக்கவில்லை.

1918இல் நகரப் பகுதி நகராட்சியின் தலைவராயிருந்தவர் கே. பி. புட்டண்ண செட்டி, சமஸ்தானத்தின் திவான் விசுவேசுவரய்யா. இலையுதிர்காலத்து அலை வந்தபோது தொண்டர் குழுக்கள் அமைந்தன. தைமால் என்னும் மருந்தைக் கொடுத்தனர். ஏழைகளின் வீடு தேடிக் கஞ்சியும் பாலும் கொண்டு சென்றனர். நோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. இன்புளுயன்சா நுண்மியை மனிதரிடமிருந்து பிரித்தறிந்ததே 1933இல்தான். எனினும் கஞ்சி கொண்டு சென்றவர்கள் ஓர் உண்மையைச் சரியாகவே உணர்ந்திருந்தார்கள் என்பது நம் கருத்து. படுத்திரு என்று ஒருவனுக்குச் சொல்ல வேண்டுமானால், அவன் படுத்திருக்கும் வேளைக்கு உணவு வேண்டும்.

அதற்கு இருபது ஆண்டுக்கு முன் இதே நகரம் வேறொரு வழியைக் கண்டிருந்தது. 1898இல் புகைவண்டி வழியே பிளேக் நோய் பெங்களூருக்குள் நுழைந்தது. அது பெரும்பாலும் எலியும் தெள்ளும் பரப்பும் நோய். நுரையீரலைப் பற்றும்போதுதான் மூச்சுக்காற்றால் தொற்றும். அன்று அரசினர் கையாண்டது கட்டாயம்: சோதனை, முகாம், வீட்டைக் காலி செய்தல். விளைவு என்ன? நோயாளியை வீட்டார் மறைத்தனர். சீரங்கப்பட்டினத்தை அடுத்த கஞ்சாமில் மக்கள் கலகமே செய்தனர். பசவனகுடி, மல்லேசுவரம் போன்ற காற்றோட்டமான புதுக் குடியிருப்புகள் அக்காலத்தில் எழுந்தது நற்பயன்தான். ஆனால் அங்கே மனை வாங்கியவர் யார், பழைய சந்துகளிலேயே தங்கியவர் யார் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இப்பொழுது நம் முதல் வினாவுக்குத் திரும்புவோம். நோயுற்றும் வேலைக்குப் போகிறவர் அறியாமையால் போகிறாரா? இதற்கு ஊகத்தால் அன்றி ஆய்வால் விடை கண்டவர்கள் பெங்களூரிலேயே இருந்தனர். பல்லாரிச் சாலையில் தேசியக் காசநோய் நிலையம் 1959இல் தொடங்கியது. காசம் காய்ச்சலைப் போல் மூன்று நாளில் தீர்வதன்று. ஆனால் அதுவும் இருமலால் பரவும் நுரையீரல் நோய்தான். அக்காலத்து அறிஞர் பலர், ‘நம் கிராமத்தாருக்கு நோயைப் பற்றிய உணர்வே இல்லை, ஆகவே ஊர் ஊராக வண்டியில் எக்ஸ்ரே கருவி கொண்டு சென்று நோயாளியைத் தேடிப் பிடிக்க வேண்டும்’ என்று கருதினர். தேவவர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் என்னும் இருவர் அக்கருத்தை அப்படியே ஏற்கவில்லை. தும்கூர் மாவட்டத்தில் காசம் உடையவர் எனக் கண்டறியப்பட்டவர்களின் வீடுகளுக்குச் சென்று உசாவினார்கள். 1963இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. நோயாளிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தம் உடலில் தோன்றிய குறியை உணர்ந்திருந்தனர். முக்காற்பங்கினர் அதைக் குறித்துக் கவலை கொண்டிருந்தனர். ஏறக்குறையப் பாதிப்பேர் மருத்துவ உதவி தேடி ஏற்கனவே சென்றிருந்தனர். சென்றவர்க்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து!

சென்னையிலும் அக்காலத்தே ஒரு பெருஞ்செயல் நிகழ்ந்தது. 1956இல் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தார், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்தில் வைத்தும் மற்றவரை நெருக்கடியான தம் வீட்டிலேயே இருக்கவிட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். வீட்டிலிருந்தவரும் நன்றாகவே குணமடைந்தனர். வீட்டாருக்கு அதனால் தொற்று மிகவில்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. குடும்பத் தலைவன் ஆண்டுக்கணக்கில் மலையேறிக் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற கவலை எத்தனை ஏழைகளை மருத்துவத்திலிருந்து விலக்கி வைத்ததோ, அக்கவலையில் ஒரு பங்கை அன்று சென்னை நகரம் நீக்கியது. தமிழராகிய நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது.

ஆக, நோயாளி அறிவான். அவனைத் தடுப்பது எது? கூலி. இதனை அரசுகளும் உணராமலில்லை. 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் நோய்க்காப்புச் சட்டம் கொண்டுவந்தார். 1911இல் பிரிட்டனில் லாயிட் ஜார்ஜ் அதைப் பின்பற்றினார். நம் நாட்டில் 1931இல் தொழில்துறை அரச ஆணையம் இதனை ஆராய்ந்தது. 1944இல் பேராசிரியர் பி. பி. அடார்க்கர் திட்டம் தீட்டித் தந்தார். விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே, 1948இல், தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் செயற்படத் தொடங்கி, 1958இல் பெங்களூருக்கு வந்தது. இராஜாஜி நகரிலும் இந்திரா நகரிலும் உள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளை இங்கு வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் அறியாதவர் இல்லை. தொடக்கத்தில் ஆண்டுக்கு 56 நாள், கூலியில் ஏறத்தாழப் பாதி. பிற்காலத்தில் 91 நாள், கூலியில் நூற்றுக்கு எழுபது. பெரிய நன்மைதான், ஐயமில்லை.

ஆயினும் இச்சட்டங்கள் யாவற்றிலும் ஒரு சிறு விதி ஒளிந்திருந்தது. நோயின் முதல் சில நாட்களுக்குப் பணம் இல்லை. ஜெர்மனியில் மூன்று நாள். பிரிட்டனில் மூன்று நாள். நம் நாட்டில் இரண்டு நாள். ‘காத்திருப்புக் காலம்’ என்று இதற்குப் பெயர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் இச்சொல்லைக் காணுந்தோறும், யார் எதற்காகக் காத்திருக்கிறார் என்று வியப்பதுண்டு! பொய்க் காய்ச்சலைத் தடுக்கவும், சில்லறைக் கோரிக்கைகளுக்காகக் கோப்புகள் பெருகாமலிருக்கவும் இவ்விதியை வகுத்தனர். கணக்காயர் பார்வையில் அது நியாயமே. ஆனால் இன்புளுயன்சாவின் இயல்பு என்ன? காய்ச்சல் தெரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, முதல் மூன்று நான்கு நாட்களில்தான் மிகுதியாகப் பரவுகிறது. எந்த நாட்களில் ஒருவன் வீட்டில் இருப்பது பிறருக்கு மிகவும் நன்மையோ, அந்த நாட்களின் செலவைச் சட்டம் அவன் தலைமீதே வைத்தது. மூன்றாம் நாள் உதவித்தொகை தொடங்கும்போது, பக்கத்துத் தறிக்காரனுக்குத் தொண்டை கரகரக்கத் தொடங்கியிருக்கும்.

இவ்வநீதியை எதிர்த்துப் போராடியவரும் உண்டு. மேற்கு ஜெர்மனியின் வடபகுதியாகிய ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் உலோகத் தொழிலாளர் 1956 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கினர். நோயுற்ற நாளில் எழுத்தருக்குச் சம்பளம் உண்டு, சுத்தியல் பிடித்தவனுக்கு இல்லையா என்பதே அவர்கள் வினா. 114 நாட்கள், பனிக்காலம் முழுவதும், அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை அப்போராட்டம் நீடித்தது. 1957இல் சட்டம் சிறிது இளகியது. 1970 முதல் அந்நாட்டுத் தொழிலாளி முதல் நாளிலிருந்தே கூலி பெற்றான்.

அந்த 1957ஆம் ஆண்டை நம்மவரும் மறக்க இயலாது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்ற தமிழர் பல்லாயிரவரை ஏற்றி இறக்கிய ‘ரஜூலா’ கப்பல், அவ்வாண்டு மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்துக்குப் புதிய ஆசிய இன்புளுயன்சாவைக் கொண்டுவந்து சேர்த்தது. அம்மாதத்திலிருந்து மறு பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44 இலட்சத்துக்கு மேல், இறந்தோர் 1,098. நாற்பதாண்டுக்கு முந்திய கொடுமையோடு ஒப்பிட இறப்பு மிகச் சிறிது. பரவிய வேகமோ குறையவில்லை.

அரசு ஊழியராகிய நம்மவர் நிலை மேலானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் பழைய விடுப்பு விதிகளில் ‘தொற்றுத்தடை விடுப்பு’ என்றொன்று இருந்தது. வீட்டில் ஒருவருக்கு வைசூரி, காலரா, பிளேக் போன்ற தொற்றுநோய் கண்டால், அரசு ஊழியர் 21 நாள் வரையிலும், அரிதாக 30 நாள் வரையிலும் அலுவலகத்துக்கு வராதிருக்கலாம். அந்நாட்களில் அவர் பணியில் இருந்தவராகவே கருதப்படுவார். அவருடைய கணக்கிலிருந்து ஒரு நாளும் குறையாது. எத்துணை நுட்பமான விதி! அவர் வராதிருப்பது அவருக்குச் செய்யும் சலுகையன்று, அலுவலகத்துக்கு அவர் செய்யும் பணி என்ற எண்ணம் அதனுள் இருக்கிறது. வேடிக்கை என்னவெனில், நோய் அவரையே பற்றிவிட்டால் இவ்விடுப்பு கிடையாது. சொந்த விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். பின்னாளில் அவ்விதி நூலினின்றும் மறைந்தது. கோவிட் பெருந்தொற்றின்போது, 2021 ஜூனில் வெளியான ஆணையொன்றில், பெற்றோருக்கோ சார்ந்திருப்போருக்கோ நோய் கண்டால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்று, அதன் நிழல் மீண்டும் தோன்றியது.

அப்பெருந்தொற்று பெங்களூருக்கு வந்த 2020 மார்ச்சு மாதத்தை நாம் எல்லோரும் கண்ணாரக் கண்டோம். மென்பொருள் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் ஊழியரை வீட்டிலிருந்தே பணி செய்யச் சொல்லின. ஒரே வாரத்தில் வெளிவட்டச் சாலை வெறிச்சோடியது. நோய் உறுதியானவர்க்கு 28 நாள் சம்பளத்துடன் விடுப்பு அளிக்குமாறு கருநாடகத் தொழிலாளர் துறை அம்மாத நடுவிலேயே நிறுவனங்களுக்கு அறிவித்தது. பாராட்டத்தக்க விரைவு. பிரிட்டனில் அதே மாதம் மூன்று நாள் காத்திருப்பைக் கோவிட் நோயாளிகளுக்கு மட்டும் நிறுத்தி வைத்தனர். 2022 மார்ச்சில் மறுபடியும் கொண்டுவந்தனர். 2025இன் இறுதியில் நிறைவேறிய சட்டமே அதனை அறவே நீக்க வகைசெய்தது.

நம் ஈ.எஸ்.ஐ. விதிகளில் அந்த இரண்டு நாள் கோவிட் ஆண்டிலும் இருந்தது. பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூர்ச் சாலையிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் கன்னடமும் தமிழும் ஒடியாவும் இந்தியும் பேசும் பெண்கள் வரிசை வரிசையாகத் தையல் எந்திரத்தின் முன் அமர்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே சட்டைக்குக் காலர் தைத்து அனுப்ப அவர்களால் இயலாது. தொழிற்சாலைகள் திறந்த பிறகு வாயிலில் வெப்பமானி கொண்டு நெற்றியைச் சோதித்தனர். காய்ச்சல் மாத்திரையை விழுங்கினால் சில மணி நேரம் வெப்பமானி ஒன்றும் காட்டாது என்பது அறியாதார் எவர்? இத்தொழிலில் பல இடங்களில், மாதம் முழுவதும் தவறாது வந்தவர்க்கு வருகைப்படி என்று ஒரு தொகை தருவர். ஒரு நாள் வராவிடில் அது போய்விடும். காய்ச்சலோடு விழித்த பெண் அன்று காலையில் போட்ட கணக்கு இது: இரண்டு நாள் கூலி, அதனோடு அந்த மாதத்து வருகைப்படி. 28 நாள் விடுப்போ, சோதனையில் நோய் உறுதியான பிறகே அவளுக்கு உரியது.